மூன்று வயது மகனோடும் ஆறு வயது மகளோடும் ஆகமன காலம்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

இரு பிள்ளைகளின் தாய் (நவம்பர் 10)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஆறு வயதில் ஒரு மகளும் மூன்று வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு வாரங்களான ஆகமன காலத்தைப் பிள்ளைகளோடு எப்படிக் கழிப்பது என்பது குறித்து எனக்குக் கிடைத்த ஆலோசனைகள் மிகுந்துபோய்விட்டதால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

கடந்த ஆண்டு நான்கு காரியங்களை ஒரே நேரத்தில் தொடங்கினேன். மேசையின்மேல் ஞாயிறுதோறும் ஏற்றுகிற நான்கு மெழுகுவர்த்திகள் கொண்ட ஆகமன வளையம், சுவரில் நாளுக்கொன்றாகத் திறக்கிற இருபத்து நான்கு சிறு கதவுகள் கொண்ட நாட்காட்டி, ஒரு காய்ந்த கிளையில் நாளுக்கொரு வேதாகமக் கதையின் சின்னத்தைத் தொங்கவிடும் ஈசாய் மரம், இவற்றோடு தினமும் ஒரு நற்செயல் எழுதிய சீட்டு. ஒவ்வொன்றும் தனித்தனியே அழகானதுதான். ஆனால் பத்தாம் நாள் வருவதற்குள் ஈசாய் மரத்தில் நான்கு கதைகள் பாக்கி விழுந்திருந்தன. அந்தப் பாக்கியைத் தீர்ப்பதற்காக ஒரே இரவில் நோவாவையும் ஆபிரகாமையும் யாக்கோபையும் யோசேப்பையும் அவசர அவசரமாகச் சொல்லி முடித்தேன். மகன் அழுதபடியே உறங்கிப்போனான். மகள் என்னைப் பார்த்து, "அம்மா, இன்றைக்கும் இதைச் செய்தே ஆக வேண்டுமா?" என்று கேட்டாள். காத்திருக்கக் கற்றுக்கொடுக்க வேண்டிய நாட்களில் பிள்ளைகளைத் துரத்திக்கொண்டிருந்தேன் என்று அன்றிரவு எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

என்னுடைய கேள்விகள் இரண்டு. இத்தனை சிறிய பிள்ளைகளுக்கு இவற்றில் எது உண்மையிலேயே பொருந்தும்? கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றி மகள் கேட்கத் தொடங்கிவிட்டாள். விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்கிற அதே வாயால் அவளுக்கு என்ன பதில் சொல்வது?

ஞாயிறு பள்ளி ஆசிரியை (நவம்பர் 10)

சகோதரி, நீங்கள் எதையாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதாக இருந்தால் வளையத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அது தொடங்கிய கதையே ஒரு பதிலாக அமைந்திருக்கிறது. 1839-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திவந்த யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லூத்தரன் போதகர், "கிறிஸ்துமசுக்கு இன்னும் எத்தனை நாள்?" என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச்சக்கரத்தின்மேல் மெழுகுவர்த்திகளை வைத்தார் என்று சொல்லப்படுகிறது. ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகள், வார நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகள். அது வீடுகளுக்குப் பரவியபோது ஞாயிறுகளின் நான்கு மட்டும் நிலைத்தன. அந்தக் காலத்துக் குடும்பங்களும் எல்லாவற்றையும் சுமக்கவில்லை, முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

செய்யும் முறையைச் சொல்கிறேன். விளக்கை அணைத்துவிட்டுப் பெரியவர் மெழுகுவர்த்தியை ஏற்ற வேண்டும். மகள் ஒரே ஒரு வசனத்தை வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத வசனத்தை நீங்கள் சொல்ல, அவள் திரும்பச் சொன்னால் போதும். ஊதி அணைப்பது மகனின் வேலை. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஊதி அணைப்பதைவிடப் பெரிய பதவி கிடையாது. யார் எதைச் செய்வது என்பதை முதல் ஞாயிற்றுக்கிழமையே முடிவு செய்து, நான்கு வாரமும் மாற்றாமல் இருந்தால் சண்டை வராது. எழுந்து போகும்போது நெருப்பை விட்டுச் செல்லாதீர்கள். திரைச்சீலை, காய்ந்த இலை, குழந்தையின் தலைமுடி ஆகியவை எட்டாத தூரத்தில் இருக்கட்டும். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

சிறு பிள்ளையின் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பது புதிய கருத்தும் அல்ல. 1747-ஆம் ஆண்டு ஜெர்மனியின் மரியன்போர்னில், மொராவியத் திருச்சபையினர் பிள்ளைகளுக்கென நடத்திய கிறிஸ்துமஸ் ஆராதனையில், ஒவ்வொரு பிள்ளையிடமும் சிவப்பு நாடா சுற்றிய ஒரு சிறு மெழுகுவர்த்தியைக் கொடுத்தார்கள். கேட்டது மறந்துபோகும், ஏந்திப் பிடித்தது மறக்காது என்பதை என் வகுப்பில் ஆண்டுதோறும் காண்கிறேன்.

மூன்று மகள்களின் தந்தை (நவம்பர் 11)

வளையம் நல்லது, ஆனால் அது வாரத்துக்கு ஒருமுறை வருவது. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரம் என்பது கண்ணுக்கெட்டாத தொலைவு. அவனுக்குத் தினமும் ஒரு சிறு அசைவு தேவை. அதற்குத்தான் நாட்காட்டி வந்தது. இருப்பினும் இன்று கிடைக்கிற நாட்காட்டிகளைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு பொருள் இருந்தால், காலையில் எழுந்ததும் "இன்றைக்கு எனக்கு என்ன?" என்பதே பிள்ளையின் முதல் சொல்லாகிவிடுகிறது. எங்கள் வீட்டில் அது நடந்தது. ஒருநாள் கதவுக்குள் இருந்தது பிடிக்கவில்லை என்று இரண்டாவது மகள் முழுக் காலைப்பொழுதும் அழுதாள். அந்த ஆண்டோடு அதை நிறுத்திவிட்டேன்.

பிறகு பழைய முறையைத் தேடிப் போனேன். அச்சிட்ட நாட்காட்டிகளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக்கில் வெளியிட்டுப் பரவலாக்கியவர் கெர்ஹார்ட் லாங். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மன் லூத்தரன் வீடுகளில், கதவின்மேல் சுண்ணக்கட்டியால் கோடுகள் போட்டுவைத்து, நாளுக்கு ஒரு கோட்டைப் பிள்ளைகள் அழிப்பது வழக்கமாக இருந்தது. இதைவிட எளிய நாட்காட்டியை நான் பார்த்ததில்லை. ஈரத்துணியோடு பிள்ளை நிற்கிறது, ஒரு கோடு மறைகிறது, மீதி எத்தனை என்று எண்ணுகிறோம், அவ்வளவுதான். எங்கள் கடைக்குட்டி எண்ணக் கற்றுக்கொண்டதே அந்தக் கோடுகளில்தான்.

இன்னொன்றும் உண்டு. அச்சிட்ட நாட்காட்டிகள் பெரும்பாலும் டிசம்பர் 1-இல் தொடங்குகின்றன. ஆனால் ஆகமனத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் எந்த நாளிலும் வரலாம். ஆகவே அந்தக் காலம் 22 நாட்களாகவும் இருக்கலாம், 28 நாட்களாகவும் இருக்கலாம். வளையத்தில் ஒரு கணக்கும் நாட்காட்டியில் வேறொரு கணக்கும் ஓடினால் பிள்ளை குழம்பும். சுண்ணக்கட்டியில் அந்தத் தொல்லை கிடையாது. இந்த ஆண்டு முதல் ஞாயிறு நவம்பர் 30. அன்றிலிருந்து டிசம்பர் 24 வரை 25 கோடுகள் போட்டால் இரண்டும் ஒன்றாகவே நடக்கும்.

இரு பிள்ளைகளின் தாய் (நவம்பர் 11)

ஐயா, மகன் ஈரத்துணியைக் கையில் வாங்கினால் இருபத்தைந்து கோடுகளையும் ஒரே மூச்சில் துடைத்துவிடுவான் என்று அஞ்சுகிறேன்.

மூன்று மகள்களின் தந்தை (நவம்பர் 11)

நிச்சயம் துடைப்பான், என் மகளும் துடைத்தாள். கோபிக்காமல் கோடுகளை மறுபடி போட்டு, "நாம் அழித்துவிட்டோம், ஆனாலும் நாள் இன்னும் வரவில்லை, பார்த்தாயா?" என்று சொன்னேன். எங்கள் பாடங்களிலேயே மிகச் சிறந்தது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஒரு பாட்டி (நவம்பர் 12)

என் பிள்ளைகளையும் அவர்களுடைய பிள்ளைகளையும் வைத்து நாற்பது ஆண்டுகளாகக் குடில் அமைத்து வருகிறேன். குடிலைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அசிசி நகரின் புனித பிரான்சிஸ் 1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவரச் செய்து, அங்கே திருப்பலி நடக்கச் செய்தார். பெத்லகேமில் அந்தக் குழந்தை பட்ட சிரமத்தை மக்கள் கண்ணால் காண வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். இதில் சிறு பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு செய்தி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தொட்டுப் பார்க்கவும் மணம் உணரவும் முடிந்த குடிலாகத்தான் அது தொடங்கியது. அப்படியிருக்க, எட்டாத உயரத்தில் உடையக்கூடிய பொம்மைகளை வைத்து, "தொடாதே, தொடாதே" என்று நான்கு வாரம் சொல்வதில் என்ன பயன்? மரத்தாலோ துணியாலோ ஆன உருவங்களைத் தரையில் வையுங்கள். மேய்ப்பன் நாற்காலியின் அடியில் கிடப்பான், ஆடு தலையணைக்குள் இருக்கும், யோசேப்பைக் காணவில்லை என்று இரவில் தேட வேண்டிவரும். அப்படித் தேடுகிற வீட்டில்தான் கதை உயிரோடு இருக்கிறது.

தீவனத் தொட்டியை மட்டும் டிசம்பர் 24 இரவு வரை வெறுமையாக வைத்திருங்கள். பிள்ளைகள் தினமும் வந்து எட்டிப் பார்ப்பார்கள். அந்த வெற்றிடத்தைப் போலக் காத்திருத்தலை விளக்க எனக்கு வேறு எதுவும் தெரியாது.

பல குடும்பங்களில் ஒவ்வொரு நற்செயலுக்கும் ஒரு வைக்கோல் துரும்பைத் தொட்டியில் இட்டு, பாலன் படுக்க மெத்தை செய்வார்கள். நானும் பல ஆண்டுகள் செய்தேன். பிறகு ஒரு பேரன், யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் நல்லவனாக நடந்து, தன் துரும்புகளையும் தங்கையின் துரும்புகளையும் எண்ணத் தொடங்கினான். அவனைக் குறை சொல்லத் தோன்றவில்லை. எண்ணும்படி வைத்தது நான்தானே. அடுத்த ஆண்டு முறையை மாற்றினேன். நீ செய்த நன்மைக்குத் துரும்பு கிடையாது. இன்று உனக்கு யாராவது நன்மை செய்திருந்தால், அதைச் சொல்லி ஒரு துரும்பு போடு என்றேன். முதல் நாள் ஒன்றும் சொல்லத் தெரியாமல் நின்றான். இரண்டாம் நாள், "தங்கை எனக்குச் செருப்பு எடுத்துக் கொடுத்தாள்" என்றான். தங்கையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதன்பின் மெத்தை தானாகவே நிறைந்தது.

மறைக்கல்வி ஆசிரியர் (நவம்பர் 12)

பாட்டி அவர்களின் கடைசி யோசனையை நான் என் வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறேன். இதுவரை எங்கும் கேள்விப்படாதது. எங்கள் கத்தோலிக்க வழக்கில் இந்தக் காலத்தைத் திருவருகைக் காலம் என்போம். வளையத்தில் மூன்று ஊதா, ஒரு ரோஜா நிற மெழுகுவர்த்தி இருக்கும். மகிழ்ச்சியின் ஞாயிறு எனப்படும் மூன்றாம் ஞாயிறன்று ரோஜா நிறத்தை ஏற்றுவோம். நிறம் மாறுவதைப் பிள்ளைகள் மிகக் கூர்ந்து கவனிப்பார்கள். "இன்றைக்கு ஏன் வேறு நிறம்?" என்று அவர்கள் கேட்ட பிறகு சொல்லுங்கள், அதற்கு முன் சொல்ல வேண்டாம்.

குடிலைப் பற்றி ஒரு சொல். பாலன் இயேசுவைத் தேடி காணிக்கைகளோடு வந்த ஞானிகளை முதல் நாளே குடிலுக்குள் வைத்துவிடாதீர்கள். வீட்டின் மறுகோடியில், ஒரு சன்னலோரத்தில் அவர்கள் புறப்படட்டும். நாளுக்கு ஓர் அடி நகர்ந்து, ஜனவரி 6, திருக்காட்சிப் பெருவிழாவன்று வந்து சேரட்டும். மூவர் என்ற எண்ணிக்கையை மத்தேயு சொல்லவில்லை. காணிக்கைகள் மூன்று என்பதால் மக்கள் அப்படிக் கொண்டார்கள். அவர்கள் வந்து கண்டது ஒரு வீட்டில் என்றுதான் அந்த நற்செய்தியில் இருக்கிறது. மாடும் கழுதையும்கூட லூக்கா எழுதியவை அல்ல, எசாயா நூலின் முதல் அதிகாரத்திலிருந்து குடிலுக்குள் வந்தவை. ஆறு வயது மகளிடம் இதைச் சொல்லலாம். மரபு எது, மறைநூல் எது என்று பிரித்தறிய அந்த வயதிலேயே பழகினால், பின்னாளில் அவள் ஏமாற்றமடைய மாட்டாள்.

கிறிஸ்துமஸ் தாத்தா பற்றிய கேள்விக்கு வருகிறேன். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மீரா என்ற ஊரில் ஆயராக இருந்த புனித நிக்கோலாசிடமிருந்தே அந்த உருவம் வளர்ந்தது. மணம் செய்துவைக்க வழியில்லாத ஓர் ஏழைத் தந்தையின் மூன்று மகள்களுக்காக, இரவில் யாருக்கும் தெரியாமல் அந்த வீட்டுக்குள் பொற்காசுப் பைகளை எறிந்தார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற கதை. டச்சு மக்கள் அவரைச் சின்டர்கிளாஸ் என்று அழைத்தார்கள். அந்தப் பெயர்தான் அமெரிக்காவில் சாந்தா கிளாஸ் ஆயிற்று. அவருடைய விழா டிசம்பர் 6. அன்று இந்தக் கதையைச் சொல்லி, பிள்ளைகளையும் யாருக்காவது மறைவாக ஒரு பரிசை வைத்துவிட்டு வரச் செய்யுங்கள். பெறுகிற கதை அன்று கொடுக்கிற கதையாகிவிடும்.

மூன்று மகள்களின் தந்தை (நவம்பர் 13)

நிக்கோலாசின் கதையில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் சிலர் அதைச் சொல்லிவிட்டு, டிசம்பர் 24 இரவில் கிறிஸ்துமஸ் தாத்தா வருவார் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. என் மூத்த மகள் எட்டு வயதில் உண்மையை அறிந்தபோது, "அப்படியானால் இயேசுவும் நீங்கள் சொன்ன கதைதானா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் அவள் கண்ணில் அன்று தெரிந்த சந்தேகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த இருவருக்கும் தொடக்கத்திலிருந்தே உண்மையைச் சொன்னோம். அவர்களுடைய கிறிஸ்துமஸ் எந்த வகையிலும் குறைந்துபோகவில்லை.

ஒரு பாட்டி (நவம்பர் 13)

தம்பி, உங்கள் மகளின் கேள்வி கூர்மையானது. ஆயினும் எல்லாப் பிள்ளைகளும் அப்படிக் கேட்பதில்லை. என் பிள்ளைகள் நால்வரும் தாத்தாவை நம்பினார்கள், பிறகு தாமாகவே தெளிந்தார்கள், தெரிந்த பின்னும் தம்பி தங்கைகளுக்காக அந்த விளையாட்டைக் காப்பாற்றினார்கள். அவர்கள் அதைப் பொய்யாக எண்ணவில்லை. எது சொன்னாலும், உங்கள் பிள்ளை பள்ளியில் மற்றப் பிள்ளைகளிடம் போய், "அப்படி யாரும் இல்லை" என்று முழங்காதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த உண்மையைச் சொல்வது அந்தந்தப் பெற்றோரின் உரிமை.

மூன்று மகள்களின் தந்தை (நவம்பர் 13)

கடைசியில் நீங்கள் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன், அம்மா. முதலில் சொன்னதை இன்னும் ஏற்க முடியவில்லை. பிள்ளை நேருக்கு நேர் "உண்மையா?" என்று கேட்கும் நாளில் மழுப்பக்கூடாது என்பதிலாவது நாம் ஒன்றுபடலாம்.

ஆர்த்தடாக்ஸ் குடும்பத்து மருமகள் (நவம்பர் 14)

எங்கள் வீட்டில் சற்று வேறுபட்ட சிக்கல். என் பெற்றோருக்குக் கிறிஸ்துமஸ் டிசம்பர் 25. என் கணவரின் சபை ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுவதால் அவர்களுக்கு ஜனவரி 7. இரண்டு நாட்காட்டிகளுக்கும் இன்று 13 நாள் வேறுபாடு. ஐந்து வயது மகன், "இயேசு இரண்டு முறை பிறந்தாரா?" என்று கேட்டான். இரண்டு கடிகாரங்களை எடுத்து, ஒன்றைப் பின்தள்ளி வைத்து, "இரண்டும் ஒரே நண்பகலைத்தான் சொல்லப்போகின்றன, ஒன்று சற்றுத் தாமதமாகச் சொல்லும்" என்று காட்டினேன். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. நாங்கள் தொட்டியை ஜனவரி 6 இரவு வரை வெறுமையாக வைத்திருக்கிறோம். என் பெற்றோர் வீட்டுக் குடிலில் அதற்குள் பாலன் வந்துவிடுவார். அங்கே பார்த்துவிட்டு இங்கே வந்து காத்திருப்பது மகனுக்கு ஒரு குறையாகவே படவில்லை.

மனைவியை இழந்த ஒரு தந்தை (நவம்பர் 15)

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாட்கள் யோசித்தேன். என் மனைவி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மகனுக்கு இப்போது ஏழு வயது. இந்தச் சடங்குகள் அனைத்தையும் செய்துவந்தவள் அவள்தான். நான் வேலையிலிருந்து வந்து, ஏற்றிவைத்த மெழுகுவர்த்தியின் முன் உட்காருவதோடு சரி. அவள் இல்லாத முதல் ஆகமன காலத்தில் குடில் பெட்டியைத் திறக்கவே கூடாது என்று இருந்தேன். மகன்தான் அதை இழுத்துக்கொண்டு வந்தான். முதலில் எதை வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அப்போது அவனுக்கு ஐந்து வயது. "முதலில் ஆடுகள், பிறகு மேய்ப்பர்கள், மரியாளும் யோசேப்பும் கதவுக்குப் பக்கத்தில் காத்திருக்க வேண்டும், அவர்களுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை" என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் வைத்தேன். அவள் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகளில் சொன்னான். அவள் குரலின் ஏற்ற இறக்கம்கூட அதில் இருந்தது.

ஒரு பெரியவருக்கு மட்டும் செய்யத் தெரிந்த வழக்கம் அவரோடு போய்விடும் என்பதை அன்று அறிந்தேன். எங்கள் வீட்டில் அது போகாமல் நின்றதற்குக் காரணம், அவள் அதைப் பிள்ளையின் கையில் கொடுத்திருந்தாள் என்பதுதான். அவனுக்கு எத்தனை கதைகள் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எந்த உருவம் எங்கே நிற்க வேண்டும் என்பது அவன் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே சகோதரி, எது பொருந்தும் என்று கேட்டீர்களே, நீங்கள் ஒருநாள் நோயுற்றுப் படுத்திருந்தாலும் உங்கள் மகள் தன் தம்பியை வைத்துக்கொண்டு செய்துவிடக்கூடியது எதுவோ, அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு பள்ளி ஆசிரியை (நவம்பர் 15)

சகோதரரே, உங்களுக்காகவும் உங்கள் மகனுக்காகவும் எங்கள் வகுப்பில் இந்த ஞாயிறு ஜெபிப்போம். நான் சொன்ன எல்லாவற்றையும்விட உங்கள் கடைசி வரி பெரிது.

ஓய்வுபெற்ற போதகர் (நவம்பர் 16)

இந்த உரையாடல் முழுவதையும் வாசித்தேன். வேதாகமத்தில் பண்டிகைகள் எப்படிப் பிள்ளைகளுக்குக் கைமாற்றப்பட்டன என்பதைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். யாத்திராகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தில், இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகை நியமிக்கப்படும்போது, இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று உங்கள் பிள்ளைகள் உங்களைக் கேட்கும்போது இன்னபடி சொல்லுங்கள் என்று கட்டளை வருகிறது. உபாகமம் ஆறாம் அதிகாரத்திலும் அவ்வாறே மகன் கேட்கிறான், தகப்பன் பதில் சொல்கிறான். இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் வீட்டார் செய்கிறார்கள், பிள்ளை பார்க்கிறது, பிள்ளை கேட்கிறது, அதன்பின்தான் விளக்கம். யூதக் குடும்பங்களின் பஸ்கா இரவில் இன்றும் வீட்டின் கடைக்குட்டி கேள்வி கேட்பது வழக்கம். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாக்கி, கேள்வி எழும் முன்பே விளக்கத்தைத் திணித்துவிடுகிறோம். அதனால்தான் பிள்ளைகள் களைத்துப்போகிறார்கள்.

ஈசாய் மரம் அருமையான வழக்கம். தாவீது அரசனின் தகப்பனான ஈசாயின் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் தோன்றும் என்ற ஏசாயா பதினோராம் அதிகார வாக்கிலிருந்து வந்தது. பிரான்சின் சார்த்ர் பேராலயத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்று இதையே சித்திரிக்கிறது. ஆனால் தினம் ஒரு கதை என்பது மூன்று வயதுக்கு மிகையானது. ஆதாமிலிருந்து தாவீது வரை தொடர்ந்து நினைவில் நிறுத்தப் பிள்ளைக்கு ஏழெட்டு வயதாவது ஆகட்டும். மரம் எங்கும் போய்விடாது.

இன்னொன்றையும் உறுதியாகச் சொல்வேன்: விடுபட்ட நாளுக்குப் பாக்கி வைக்காதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், உங்களுக்கு அலுப்பு, விருந்தினர் வருகை என்று ஒருநாள் போனால் போகட்டும். மறுநாள் மறுநாளுக்குரியதை மட்டும் செய்யுங்கள். டிசம்பர் 25-உடன் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். சபையின் நாட்காட்டியில் கிறிஸ்துமஸ் அன்றுதான் தொடங்கி, பன்னிரண்டு நாட்கள் நீடிக்கிறது. பரிசுகள் பிரிக்கப்பட்டு வீடு ஓய்ந்திருக்கும் அந்த நாட்களில்தான் பிள்ளைகள் நிதானமாகக் குடிலின் முன் உட்காருவார்கள்.

பெத்லகேமின் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ஏரோது ராஜாவின் கதையை எப்போது சொல்வது என்று சிலர் கேட்பதுண்டு. இந்த வயதில், எகிப்துக்கு இரவோடு இரவாகப் போனார்கள், தேவன் அவர்களைக் காத்தார் என்பது போதும்.

இரு பிள்ளைகளின் தாய் (நவம்பர் 17)

ஒவ்வொருவருக்கும் நன்றி. மனைவியை இழந்த சகோதரர் எழுதியதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன்; இருவரும் வெகுநேரம் பேசாமல் இருந்தோம். நாங்கள் எடுத்த முடிவு இது. ஞாயிறன்று வளையம், ஐந்து நிமிடம். மற்றபடி தினமும் ஒரு சுண்ணக்கட்டிக் கோடு. தரையில் துணிப் பொம்மைக் குடில், வெறுமையான தொட்டி, பாட்டி சொன்ன முறையில் துரும்புகள். ஈசாய் மரத்தை மகளுக்கு எட்டு வயதாகும்வரை எடுத்துவைத்துவிட்டேன். நற்செயல் சீட்டுகளை விட்டுவிட்டோம். மகளிடம் நிக்கோலாசின் கதையைச் சொல்லி, இப்போது வருவதாகச் சொல்லப்படுகிற தாத்தா அவரை நினைத்து மக்கள் ஆடும் விளையாட்டு என்று சொல்லப்போகிறோம்.

இரு பிள்ளைகளின் தாய் (டிசம்பர் 9)

இடையில் ஒரு செய்தி. மகன் இருமுறை எல்லாக் கோடுகளையும் துடைத்தான்; இருமுறையும் மறுபடி போட்டோம். டிசம்பர் 6 அன்று மகள் தன் வண்ணப் பென்சில்களில் இரண்டை ஒரு தாளில் சுற்றி, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்தாள். இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தது அவளுக்குப் பெரும் பாடாக இருந்தது. மூன்று நாட்கள் நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை, மகனுக்குக் காய்ச்சல். போதகர் ஐயா சொன்னபடி பாக்கி வைக்கவில்லை. காய்ச்சல் விட்ட அன்று மகன் தானாகவே குடிலிடம் போய், "அம்மா தண்ணி குடுத்தா" என்று ஒரு துரும்பைப் போட்டான்.

ஒரு பாட்டி (டிசம்பர் 9)

அந்த ஒரு துரும்பே போதும், மகளே.

இரு பிள்ளைகளின் தாய் (ஜனவரி 7)

டிசம்பர் 24 இரவு, வீட்டுக்கு இளையவன் என்பதால் மகன்தான் பாலனைத் தொட்டியில் வைத்தான். வைத்த பிறகு துரும்புகளை எடுத்து மேலே போர்த்தினான், குளிருமாம். மறைக்கல்வி ஆசிரியர் ஐயா சொன்னபடி ஞானிகள் படுக்கையறைச் சன்னலிலிருந்து புறப்பட்டு, கூடத்தின் வழியாக நேற்று வந்து சேர்ந்தார்கள். இன்று காலை நான் எல்லாவற்றையும் பெட்டியில் எடுத்துவைக்கத் தொடங்கினேன். ஞானிகளை எடுக்கப் போனபோது மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அம்மா, அவர்கள் இன்னும் ஊருக்குத் திரும்பவில்லையே. வந்த வழியாகவும் போகக்கூடாது என்று கனவில் சொன்னார்களே" என்றாள். திருக்காட்சி நாளன்று மத்தேயுவிலிருந்து ஒரே ஒருமுறை வாசித்தது அது. அதனால் ஞானிகள் இப்போது சமையலறை வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறார்கள், நாளுக்கு ஓர் அடி. சன்னலை அடைய இந்த மாதக் கடைசி ஆகிவிடும் என்று மகள் கணக்குப் போட்டிருக்கிறாள். பெட்டியை மூடாமல் வைத்திருக்கிறேன்.